ஆறாவது கோடு

நாற்பத்தொரு நாளும் பதினொரு மணி நேரமும் ஆனது, அந்தத் தகரப் பெட்டி முதல் சத்தம் போட.

கணக்கு 1936-இல் ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்குத் தொடங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், தண்டவாளத்தைப் பார்த்த கடைசி வரிசையில், பவுனம்மாள் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியே அவள் கணவன் சின்னையா சக்கரம் தட்டிக்கொண்டிருந்தான்.

அதுதான் அவன் வேலை. கிள்ளானுக்குப் போகும் முதல் ரயில் கிளம்பும் முன், நீளக் கைப்பிடிச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி போல் ஒலித்து நீளும். விரிசல் விட்ட சக்கரம் பானை போல் டொக்கென்று நின்றுவிடும். ஐந்து பெட்டி, பக்கத்துக்கு இருபது சக்கரம். வீட்டுக்கும் ரயிலுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலியும் மூன்று தடங்களும்தான். வாழ்க்கைப்பட்டு வந்த ஒன்பது வருடத்தில், உலை கொதிக்கும் சத்தம் போல அந்தத் தட்டுகள் அவளுக்குப் பழகியிருந்தன.

அன்று பதின்மூன்றாவது தட்டு டொக்கென்றது.

பவுனம்மாள் ஈரக் கையோடு நின்றாள். பதினான்காவது தட்டு விழுந்தது. பதினைந்தாவதும் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

ஓடினாள். வேலிக் கம்பியில் சேலை கிழிந்தது.

“என்னங்க! நாலாவது பெட்டி, மொத சக்கரம். அத இன்னொரு தட்டு தட்டுங்க.”

“என்னத்துக்கு?”

“பல்லி சொல்லுச்சு. தலைக்கு மேல நின்னு சொல்லுச்சு. எனக்கு மனசு ஒப்பல.”

யார்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு மேலாளான மண்டோர் பழனியப்பன், “பல்லிக்கும் ரயில்வேயில பேர் பதிஞ்சிடலாம் லா” என்றார்.

சின்னையா சிரிக்கவில்லை. திரும்பிப் போய்த் தட்டினான். தட்டிவிட்டுச் சக்கரத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எண்ணெய்த் துணியால் சக்கரத்தைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, அதன் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, ஓங்கி ஒரு தட்டு தட்டினான். வெள்ளைப் பூச்சின் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு கசிந்து வந்தது.

அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். துரை வந்து சின்னையாவின் தோளைத் தட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று பகல் சோற்றை அவன் தொடவில்லை.

சாயங்காலம் கித்தாரை எடுத்தான். அது கடையில் வாங்கியதல்ல. கழித்துப் போட்ட ரயில் பெட்டியின் தேக்குப் பலகையில் அவனே செய்தது. மடியில் மல்லாக்கப் போட்டு, வழவழப்பாக்கிய இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது நடுவில் எங்கும் அறுபடாமல் போகும். நவராத்திரிக்கு ஸ்காட் ரோடு கோயிலில் அவன் வாசித்தால் நாதஸ்வரக்காரர்களே நின்று கேட்பார்கள். 

அன்று கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினான்.

“சத்தம் கம்மியாயிடுச்சு, பவுனு. பலக ஊறிப்போச்சு போல.”

அவள் நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கினாள்.

“கரண்டு வச்சு சத்தத்தப் பெருசாக்கலாமாம். ரேடியோவுல செய்யிற மாதிரி. கிராணி ஐயாட்ட கேக்கப் போறேன்.”

பலகை ஊறவில்லை. கித்தார் எப்போதும் போலத்தான் ஒலித்தது. அதை அவள் சொல்லவில்லை. 

மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவள் அடுப்பில் எதையும் வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, நாற்பது தட்டையும் விரல் மடக்கி எண்ணினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. மழை பெய்தால் தகரக் கூரை இரைச்சலில் எதுவும் எட்டாது. அன்று குடை பிடித்து வேலியோரம் போய் நின்றாள். ஒரு சக்கரம் தவறினால் ரயில் நிறைய ஆட்கள். தவறுவது வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். இரண்டுக்கும் நடுவில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

சின்னையாவும் சும்மா இருக்கவில்லை. தட்டியதும் இடது உள்ளங்கையைச் சக்கரத்தில் ஒரு கணம் வைத்துப் பார்த்து நகர்ந்தான். நேரம் இரட்டிப்பானது.

“என்னடா, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆசீர்வாதமா?” என்று மண்டோர் கத்தினார். 

“ஆமாண்ணே. போயிட்டுத் திரும்பி வரணுமில்ல?” என்று சின்னையா அதைவிடப் பலமாகக் கத்தினான். இப்போதெல்லாம் அவன் எதையும் பலமாகத்தான் சொல்கிறான்.

கிராணி ஐயா என்று அவன் சொன்னது பக்கத்து வீட்டு சீவரத்தினத்தை. தந்தி ஆபீஸில் கிராணி, குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். ஆபீசுக்குக் கப்பலில் வரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வால்வு, சுருள் என்று படம் போட்ட பக்கங்களைப் படித்துப் படித்து மடித்து வைத்திருப்பவர். செய்து பார்க்கக் கை வராது. சின்னையா போய்க் கேட்டபோது அவர் முகம் கல்யாண வீட்டு முகமாகிவிட்டது என்று அவர் மனைவி மார்க்கிரட் டீச்சர் சொன்னார்.

கறையான் தின்ற பழைய ரேடியோ ஒன்றை சீவரத்தினம் எங்கிருந்தோ கொண்டுவந்தார். கூடு உதிர்ந்துவிட்டது. உள்ளே மூன்று வால்வும் டிரான்ஸ்பார்மரும் ஸ்பீக்கரும் நன்றாக இருந்தன. உடைந்த தொலைபேசி ஒன்றின் காந்தத்தையும் கொடுத்தார்.

“இஞ்ச பாரும் சின்னையா. கம்பி இரும்பு. இரும்பு காந்தத்துக்கு மேல ஆடினால், காந்தத்தைச் சுத்தியிருக்கிற செம்புக் கம்பியில மின்சாரம் வரும். மெத்தச் சின்னதாய் வரும். எறும்பு நடக்கிற மாதிரி. அந்த எறும்பைத்தான் இந்த மூண்டு வால்வும் ஆனையாக்க வேணும்.”

“ஆனையாக்க எத்தன சுத்து சுத்தணும்?”

“ஐயாயிரம்.”

சின்னையா கைத் துளைப்பானில் காந்தத்தை மாட்டினான். கைப்பிடி ஒரு முறை சுற்றினால் காந்தம் நான்கு முறை சுற்றும். ஆயிரத்து இருநூற்றைம்பது முறை சுற்ற வேண்டும். கம்பியோ தலைமுடியைவிட மெல்லியது. மூச்சு பலமாக விட்டால் அறுந்துவிடும். பவுனம்மாள் எதிரே உட்கார்ந்து, ஐம்பதுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் தட்டில் போட்டாள். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுக் கொட்டை விழுந்திருந்தபோது மார்க்கிரட் டீச்சர் தட்டில் பிட்டோடு வந்தார்.

“சாப்பிட்டுட்டுச் சுத்துங்கோ. பவுனம்மா, இண்டைக்குக் கிள்ளானில உங்கட தங்கச்சிக்கு வளைகாப்பு எண்டனீங்களெல்லே? போகேல்லையே?”

“வீரம்மாவுக்குத்தான் டீச்சர். போகல.”

“மூத்த அக்காதானே முதல் வளையல் போட வேணும்?”

“நேத்தே போயிருக்கணும். இல்லாட்டி இன்னிக்கு மொத ரயில்ல போகணும். காலைல ஆறேகாலுக்கு எனக்கு இங்க வேல இருக்கு.”

“உங்களுக்கு ஆர் வேலை தந்தது?” என்று டீச்சர் சிரித்தார். 

டீச்சரின் குரல் வகுப்பறைக் குரல். எவருக்கும் எட்டும். சின்னையாவின் கையில் கம்பி அறுந்தது. அவன் நிமிரவில்லை. பவுனம்மாள் தட்டிலிருந்த பதினெட்டுக் கொட்டைகளையும் அள்ளிச் சிரட்டையில் போட்டாள். முதலிலிருந்து சுற்றினார்கள்.

பெட்டி அவள் பொறுப்பு. பவுனம்மாளின் அப்பா கிள்ளானில் தகரக் கடை வைத்திருந்தவர். விளக்கு, புனல், வாளி. பத்து வயதிலிருந்து அவள் ஈயம் பற்றவைத்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விளிம்பை மடக்கி வால்வுக்கு வட்டம் போட்டுத் தர அரை நாள் போதுமாயிருந்தது. பிறகு அடுப்புக் கரியில் செம்புத்தலைக் கோலைக் காய்ச்சி, ஒவ்வொரு இணைப்பிலும் ஆசிட்டைத் தொட்டு வைத்து, ஈயத்தை ஒரு சொட்டு விட்டாள். துத்தநாகத் துண்டைப் போட்டு வேகம் அடக்கிய ஆசிட். அப்பா கடை வழக்கம். ஈயம் கண்ணாடி போல் ஓடி உட்கார்ந்தது. ஐம்பத்திரண்டு இணைப்பு. ஒன்றில்கூடக் கட்டி இல்லை.

“இப்பிடி ஒரு கை எங்கட ஆபீசில ஒருத்தருக்கும் இல்லை” என்றார் சீவரத்தினம். அது உண்மை. 

நாற்பத்தொன்றாம் நாள் ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்குச் சுவிட்சைப் போட்டார்கள். “ஒரு கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வையும். மற்றக் கையால மட்டும் தொடும். பெட்டிக்குள்ள இருக்கிறது வெளிச்சத்துக்கு வாற கரண்டைவிடக் கூடின கரண்டு” என்று சீவரத்தினம் மூன்று முறை சொன்னார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சின்னையா கம்பியை ஒரு தடவை சுண்டினான்.

பெட்டி பாடியது. நாலு வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது. டீச்சர் கையைத் தட்டினார். சின்னையா இரும்புத் துண்டை மேலே வழுக்கிக்கொண்டே போனான். சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பியிருந்தான். பலகைச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் நடுங்கியது. மற்றவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வழக்கமான மழை வந்தது. விட்ட பிறகு, சின்னையா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுப் பெட்டியைப் போட்டான். டீச்சரும் சீவரத்தினமும் வந்து உட்கார்ந்தார்கள்.

சத்தம் வந்தது. அதோடு கடுகு தாளிப்பது போல ஒரு பொரியல் சத்தமும் வந்தது. முதலில் கொஞ்சம். பிறகு நிற்காமல். அதற்கு மேலே ஊசி போல ஒரு கீச்சல். டீச்சர் பல்லைக் கடித்தார். சீவரத்தினம் கையைத் தூக்கினார்.

சின்னையா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

“எப்படி? சுத்தமா இருக்குல்ல?”

பெட்டி பொரிந்துகொண்டே இருந்தது. சீவரத்தினம் பெட்டியைப் பார்த்தார், சின்னையாவைப் பார்த்தார், கடைசியாகப் பவுனம்மாளைப் பார்த்தார்.

“ஈயம் நான் சரியா பத்த வைக்கல” என்றாள் அவள், பலமாக. “பொரியுது. நான் பாத்துக்கறேன். நிறுத்துங்க.”

சின்னையாவின் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது. 

அவளுக்கு ஈயத்தைக் குறை சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது. இணைப்புகளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலில் தொட்டால் பிசுபிசுத்தது. 

“மழ வந்தா பொரியுது, வெயிலடிச்சா சும்மா இருக்குது. ஏங்க ஐயா, இந்த ஆசிட் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சுதா?”

சீவரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பிழை என்ர. ரேடியோ வேலைக்கு ஆசிட் கூடாது. பிசின்தான் போட வேணும். பத்திரிகையில போட்டிருந்தது. நீங்கள் பத்த வைச்ச வடிவில எனக்கு அது மறந்தே போச்சு.”

“விளக்குன்னா சோடாத் தண்ணியில கழுவிடுவோம். இதுல எங்க கழுவுறது? என்ன பிசின்?”

“வயலின் வில்லுக்குத் தேய்க்கிறது.”

மார்க்கிரட் டீச்சர் தேவாலயத்தில் வயலின் வாசிக்கிறவர். வீட்டுக்குப் போய்த் துணியில் சுற்றிய மஞ்சள் கட்டியைக் கொண்டுவந்து பவுனம்மாள் கையில் வைத்தார். “முழுக்க எடுங்கோ. கர்த்தர் ரெண்டு ஞாயிறு பொறுப்பார்.”

பவுனம்மாள் ஐம்பத்திரண்டு இணைப்பையும் பிரித்தாள். சுரண்டி, நுனிகளைச் சோடாவில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, பிசினைப் பொடித்துத் தூவி மறுபடி பற்றவைத்தாள். பிசினுக்கு ஈயம் அத்தனை எளிதில் ஓடாது. சூடு அதிகமானால் கருகும், குறைந்தால் ஒட்டாது. அவளுக்கு நாலு நாள் ஆனது. புதன், வியாழன், வெள்ளி, சனி. விரல் நுனிகளில் கொப்புளம். தப்பான வழியில் அழகாகச் செய்த ஒரு வேலையைத் தானே கலைத்து, சரியான வழியில் மறுபடி செய்ய எல்லாராலும் முடியாது. காலை ஆறேகாலுக்கு மட்டும் கோலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தபோதே போட்டுப் பார்த்தார்கள். பொரியல் இல்லை. பெட்டி சுத்தமாகப் பாடியது. மழை விட்டதும் சின்னையா சத்தத் திருகைச் சுற்றித் தகரத்தில் ஆணியால் பத்துக் கோடு கீறினான்.

“ஐயா, இத அளந்து பாக்கணும்.”

“எதை?”

“எந்தக் கோட்டுல சத்தம் ஆளுக்கு எட்டுதுன்னு. ஸ்பீக்கர உங்க வீட்டுல வைப்போம். கதவ சாத்திட்டு ஒருத்தர் அங்க உக்காரணும். இங்க பவுனு சின்னக் கம்பிய ஒரே மாதிரி சுண்டிக்கிட்டே இருக்கட்டும். திருக ஒவ்வொரு கோடா ஏத்துவோம். எட்டுனா சுவத்துல தட்டணும். அவ்வளவுதான்.”

“ஏன் உந்த வேலை? பெட்டிதான் நல்லா வேலை செய்யுதே” என்றார் சீவரத்தினம். குரலில் அவசரம் இருந்தது.

“அளக்கணும் ஐயா.”

முதலில் டீச்சர் போனார். சின்னையா திருகைப் பிடித்தான். முதல் கோட்டிலேயே சுவரில் டக்கென்று தட்டு விழுந்தது. தட்டு விழுந்ததென்று பவுனம்மாள் அவனுக்குக் கையால் சைகை காட்டினாள். அடுத்து சீவரத்தினம். அவருக்கும் முதல் கோடு. பென்சிலால் அங்கே இரண்டு புள்ளி வைத்தான் சின்னையா. பிறகு திருகை சீவரத்தினத்திடம் கொடுத்தான்.

“நான் போறேன்.”

“சின்னையா...”

“ஒளிச்சு மறைச்சு ஏத்தாதீங்க ஐயா. கோடு கோடா ஏத்துங்க.”

கதவு சாத்தும் சத்தம் வந்தது. பவுனம்மாள் சுண்டினாள். சீவரத்தினம் முதல் கோட்டில் வைத்தார். பலகைச் சுவரின் அந்தப் பக்கம் ஸ்பீக்கர் ஒலிப்பது இந்தப் பக்கம் இவர்களுக்கே எட்டியது. சுவர் பேசாமல் இருந்தது.

இரண்டாவது கோடு. அவள் மறுபடி சுண்டினாள்.

மூன்று. டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

நான்கு. ஸ்பீக்கர் சத்தம் இப்போது வெளிச்சாலை வரை போயிருக்கும். வேலியோரம் நடந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஓங்கிச் சுண்டினால் என்ன என்று பவுனம்மாளுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தான். முன்பு சுண்டியது போலவே சுண்டினாள்.

ஐந்து.

சீவரத்தினத்தின் நெற்றியில் வியர்வை. ஆறாவது கோட்டுக்கு ஏற்றினார்.

சுவரில் தட்டு விழுந்தது. ஒரே தட்டு. உறுதியாக.

சின்னையா உள்ளே வந்தபோது மூவரும் அசையாமல் இருந்தார்கள்.

“எத்தன ஐயா?”

“ரெண்டு” என்றார் சீவரத்தினம். “ரெண்டு, ரெண்டரை இருக்கும்.”

சின்னையா குனிந்து பெட்டியைப் பார்த்தான். திருகைத் திருப்பி வைக்க அவர் மறந்திருந்தார். முள் ஆறாவது கோட்டில் நின்றது. அவன் காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து அந்தக் கோட்டில் ஒரு புள்ளி வைத்தான். ஒன்றில் இரண்டு புள்ளி, ஆறில் ஒரு புள்ளி.

“நல்ல பெட்டி” என்றான். “பொய் சொல்லல.”

டீச்சர் காப்பி போடப் போனார். அவன் கித்தாரை வாங்கி மடியில் போட்டு, திருகை ஆறுக்கு மேல் வைத்து, மெல்லிய கம்பியில் இரும்புத் துண்டை உச்சி வரைக்கும் ஏற்றினான். பவுனம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடமாக ஊரில் இல்லாத ஒருவரைப் பாதையில் கண்ட முகம். அங்கேயே நின்று அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

“பவுனு, இது இத்தன நாளும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நான் பலக ஊறிப்போச்சுன்னு நெனச்சேன்.”

திங்கட்கிழமை காலை பவுனம்மாள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். மழை இல்லை. பனி மூட்டத்தில் எஞ்சின் புகை கலந்து வேலிக்கு மேல் நின்றது. ஆறேகால்.

முதல் தட்டு விழுந்தது. மணி போல் நீண்டது. ஒரு விரலை மடக்கினாள்.

இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. 

எட்டிப் பார்த்தாள். சின்னையா முதல் பெட்டியருகே நின்றான். சுத்தியலைக் கைப்பிடி மேலாக நிறுத்திப் பெட்டியில் சாய்த்துவிட்டு, மண்டோர் பழனியப்பனை நோக்கி நடந்தான். மண்டோர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ திட்டினார். அது அவளுக்குத் தெளிவாக எட்டவில்லை. 

சின்னையா சொன்னது எட்டியது. மூன்று தடம் தாண்டி, வேலி தாண்டி, அடுக்களை வரைக்கும் வந்தது. எஞ்சினில் கரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை நிறுத்தித் திரும்பினார்கள்.

“அண்ணே, எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருசமா கேக்கல. அந்த வெடிச்ச சக்கரத்தக் கண்டுபிடிச்சது நான் இல்ல, என் பொஞ்சாதி.”